பெட்டிப் பலகை

என் வீட்டுக்காரர் ரங்கராஜனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

பதினைந்து நாளாக நான் கேட்டது ஒரே கேள்வி. பிரமோஷனோடு நாக்பூருக்கு மாற்றல் வந்திருக்கிறது, போகிறோமா, இல்லையா? நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இங்கே கல்கத்தாவில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. கான்பூரில் ஒன்று, ஜபல்பூரில் ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு வேலைகளை அவருடைய மாற்றலுக்காக விட்டவள் நான். மூன்றாவதையும் விட எனக்குத் தெம்பில்லை. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

அந்தச் சமயம் பார்த்துப் படகு வேலை வந்து சேர்ந்தது. போன வருஷம், எழுபத்தெட்டு வெள்ளத்தில், லேக் கார்டன்ஸில் எங்கள் தெருவே மிதந்தபோது தெருமுனை கிளப்பின் பழைய அலுமினியப் படகுதான் வீடு வீடாகப் பால் கொண்டுவந்தது. அதன் மர இருக்கைகள் மூன்றும் உளுத்துவிட்டன. மழைக்கு முன்னால் மாற்றவேண்டும் என்று கிளப் செக்ரட்டரி மிருணாள் சொன்னதும் இவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை, படகுக்கு நேரமிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் காபிப்பொடியும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வந்தால், வராந்தாவில் பெரிய பெட்டியைக் காணோம். மாற்றலில் அலைகிற குடும்பத்தில் எதை வேண்டுமானாலும் தூக்கிப் போடுவோம். சாமான் கட்டும் பெட்டியை மட்டும் போடமாட்டோம். எங்களுடையது தேக்கு. ஒவ்வொரு மாற்றலுக்கும் ஆபீஸ் பெயின்டர் பழைய ஊரின்மேல் கோடு போட்டுவிட்டுப் புது ஊரை எழுதுவார்.

பையைக்கூட இறக்காமல் கிளப் குளக்கரைக்குப் போனேன். இவர் படகுக்குள் மண்டியிட்டிருந்தார். திருகாணி அலுமினியத்தை அரிக்காமல் இருக்க இடையில் சைக்கிள் ட்யூப் துண்டை வைத்துப் பலகையை முடுக்கிக்கொண்டிருந்தார். சந்தேகமே இல்லை, பெட்டிப் பலகைதான்.

"நாக்பூருக்கு சாமான் எதுல போகும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

பக்கத்தில் டீயோடு நின்ற மிருணாளுக்குத் தமிழ் தெரியாது. என் குரல் புரிந்திருக்கவேண்டும். "பௌதி, சா?" என்று வங்காளியில் அண்ணி முறை சொல்லி டீயை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"உக்காந்து பாரு. ஆடறதா?" என்றார் இவர்.

கோபத்தோடு உட்கார்ந்தேன். ஆடவில்லை. எதிரே இருந்த பலகையில் எழுத்துப் பக்கம் மேலே இருந்தது. கான்பூர், ஜபல்பூர் இரண்டின்மேலும் கோடு. கல்கத்தாவின்மேல் கோடில்லை.

"இதைத் திருப்பியாவது போட்டிருக்கலாம். பார்க்கறவா சிரிப்பா."

"வெள்ளிக்கிழமை எழுதிக் குடுத்துட்டேன்" என்றார், திருகாணியைப் பார்த்தபடியே. "பிரமோஷன் வேண்டாம்னு."

அந்தப் பிரமோஷனுக்கு ஒன்பது வருஷம் காத்திருந்தவர்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ ஒத்துக்கமாட்டே. எனக்காக நீயே வேலையை விட்டுடுவே. பொட்டியை உடைச்சுட்டா ஒண்ணும் பண்ணமுடியாதோன்னோ."

நான் அப்படியெல்லாம் செய்பவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மடியில் இருந்த பையில், முருங்கைக்காய்க்கு அடியில், நேற்று எழுதிய ராஜினாமாக் கடிதம் இருந்தது. மிருணாளிடம் டீயைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.