கடலுக்குப் போகாத நாள்

தேங்காய்ப்பட்டணத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் கடலோர ஊரில் யாராவது இறந்தால் மாதா கோயிலில் துக்க மணி அடிக்கும். அடக்கம் முடியும்வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. செத்தவர் வள்ளத்துக்குச் சொந்தக்காரரா, மீன்கூடை சுமந்தவரா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஆன்றோவுக்கு வேண்டியிருந்தது அப்படி ஒரு நாள்தான். நாற்பது நிமிடம் உயிரோடு இருந்த தன் மகள் செசிலிக்காக ஊர் ஒரு நாள் தொழிலை நிறுத்த வேண்டும். மனைவி ரெனிஷாவுக்கு அவன் கொடுத்திருந்த வாக்கு அது.

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு மண்டை ஓடு வளரவில்லை, பிறந்தாலும் தங்காது என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆன்றோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே, "களைஞ்சிரலாம் ரெனி. நிக்காத பிள்ளைய எதுக்குச் சொமக்கணும்?" என்றான்.

ரெனிஷா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். குளச்சல் தாண்டியதும் சொன்னாள்.

"இந்தப் பிள்ளைக்கு இருக்கப்பட்ட வீடு எனக்க வயிறு ஒண்ணுதான். அதுல இருந்து நான் எறக்கிவிட மாட்டேன்."

அதன்பின் இரண்டு மாதம் அவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் நின்று இன்பத்திலும் துன்பத்திலும் என்று சொன்னபோது, துன்பமென்றால் புயலும் எஞ்சின் பழுதும்தான் என்று நினைத்தவன் அவன். இப்போது மனைவியின் வயிற்றைப் பார்க்கவே பயந்தான். அவன் கோபமாக இருப்பதாக ஊர் நினைத்தது. பயந்த ஆம்பிளைக்குக் கோபம் நல்ல மறைப்பு.

ஒருநாள் சாயங்காலம் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள், அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு சின்ன உதை. ஆன்றோ சோற்றுக் கையோடு உட்கார்ந்து அழுதான்.

"இது செத்துப்போனா, ஊருல ஒரு ஆளு செத்தா என்னெல்லாம் செய்வாவளோ அதெல்லாம் செய்யணும்," என்றாள் ரெனிஷா. "மணி அடிக்கணும். யாரும் கடலுக்குப் போவப்பிடாது. செய்வியளா?"

"செய்வேன்," என்றான். சொல்லிவிட்டுச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். அதன் காரணம் ரெனிஷாவுக்குத் தெரியாது. அவள் பக்கத்து ஊரிலிருந்து இங்கே வாழ வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

செசிலி ஒரு வியாழக்கிழமை காலையில் பிறந்தாள். பங்குச் சாமியார் வந்து சேர நேரமில்லை. நர்ஸ் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, ஆன்றோவே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தான். அவசரத்தில் தண்ணீர் பாதி படுக்கையில் கொட்டியது. ரெனிஷா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டின் கதை, கடலின் கதை, அப்பாவின் குறட்டை எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடத்தில் எவ்வளவுதான் சொல்ல முடியும்?

மத்தியானம் ஆன்றோ ஊர்க் கமிட்டிக்குப் போனான். தலைவர் ஞானதாசன் அவனைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஞானஸ்நானம் கெடச்சிட்டில்லா மக்கா? அப்ப நம்ம சட்டப்படியே ஆச்சு. மணி அடிக்கச் சொல்லியாச்சு. நாளைக்கு ஒருத்தனும் கடலுக்குப் போகமாட்டான்."

பக்கத்தில் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த எபின் சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்தான். வலையை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

அந்தச் சட்டம் ஆன்றோவின் சட்டம். மூன்று வருடத்துக்கு முன் எபினுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை இறந்து பிறந்தது. வலையில் கணவாய் மீன் அள்ளிக்கொண்டு வந்த சமயம். அடக்கம் மறுநாள், யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று எபின் கமிட்டியில் கைகட்டி நின்றபோது, இருபத்தாறு வயசு ஆன்றோ எழுந்து, "மூச்சே விடாத பிள்ளைக்கு ஊரெல்லாம் கரையில கெடக்கணுமா? ஞானஸ்நானப் புஸ்தகத்துல பேர் ஏறின ஆளுக்கு மட்டும் நிறுத்துனா போதும்," என்றான். கணவாய் ஆசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் எபின் ஒரு சின்னப் பெட்டியைக் கையில் ஏந்திக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். அதே நேரத்தில் கூடை நிறையக் கணவாயோடு அவன் வீட்டைக் கடந்து போனவர்களில் ஆன்றோவும் ஒருவன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாளே வந்துவிட்ட ரெனிஷா, செசிலி கிடந்த பெட்டியின் பக்கத்தில் படுத்திருந்தாள். கரையில் ஒரு எஞ்சின் சத்தமும் இல்லை.

"கேட்டியளா? ஒருத்தரும் போகல்ல. நாற்பது நிமிசம் இருந்த பிள்ளைக்கு இத்தற மரியாத செய்யுதாவளே. நல்ல ஊருதான் நம்ம ஊரு," என்றாள். பிள்ளை போனபிறகு அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

அதைக் கெடுக்காமல் விட்டிருக்கலாம். ஆன்றோவால் முடியவில்லை. கணவாய், கமிட்டி, எபினின் கையிலிருந்த பெட்டி எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். ரெனிஷா பெட்டியை ஒரு கையால் தடவினாள். பிறகு கேட்டாள்.

"அது ஆம்பிளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

நாலு வீடு தள்ளித்தான் எபின் வீடு. ஆன்றோவுக்குத் தெரியவில்லை.

"போய்க் கேட்டுட்டு வாருங்க," என்றாள் ரெனிஷா. "பொறவு இவள எடுக்கலாம்."

கதவைத் திறந்தது எபினின் மனைவி ஜெபகனி. இழவு வீட்டுக்காரன் இங்கே எதற்கு வந்தான் என்பதுபோலப் பார்த்தாள்.

"மைனி... உங்க பிள்ள ஆணா, பொண்ணா?"

அவள் அவனை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஆம்பிள," என்றாள். "லிபின்னு பேர் வச்சிருந்தோம். மூணு வருசமா ஒருத்தரும் கேக்கல்லியே, ஆன்றோ."

சொல்லிவிட்டு நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு, "எனக்க பொன்னு மக்கா" என்று ஓங்கி அழுதாள். மூன்று வருடம் அடக்கி வைத்த அழுகை. உள்ளேயிருந்து எபின் வந்து அவள் பின்னால் நின்றான். கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தவர்கள் எல்லாரும் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள்.

"பிள்ள செத்தது அங்க இல்லா? இஞ்ச என்னலே அழுகை?" என்று ஞானதாசன் மூச்சு வாங்கக் கேட்டார். "இஞ்ச யாரு செத்தது?"

ஆன்றோ எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னான்.

"எபினுக்க மகன். லிபின்."