கத்தரி அக்கா கேட்காத உதவி

பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்தவளை எல்லாரும் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையிலிருக்கும் கத்தரியைவிட வாய் கூர்மை என்பதால் வந்த பெயர்.

தங்கை வீட்டுக்குப் போகப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது போனில் டேட்டா தீர்ந்துவிட்டது. நிலையத்தின் பெயரிலேயே இலவச வைஃபை ஒன்று திறந்து கிடந்தது. தொட்டாள். மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்டது. கடையின் இணையப் பக்கத்துக்கு வைத்திருந்ததையே தட்டிவிட்டு, பேருந்து வரும்வரை வீடியோ பார்த்தாள்.

தங்கை வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அலறியது. கடைக்கு வழக்கமாக வரும் ஆசிரியை.

"அக்கா, உங்க இணையப் பக்கத்துலேர்ந்து மெசேஜ் வந்துச்சு. என் போனுக்கு ஒரு நம்பர் வருமாம், அதைத் தயவுகூர்ந்து அனுப்பணுமாம்."

"அனுப்பித் தொலைச்சியா?"

"இல்லக்கா. தயவுகூர்ந்துன்னு பார்த்ததுமே இது நீங்க இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

கத்தரி அக்கா நிலையத்தில் வைஃபை போட்டதிலிருந்து எல்லாவற்றையும் தங்கையிடம் சொன்னாள். அலுவலகம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கை விவரம் கேட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அது நிலையத்து வைஃபையே இல்லக்கா. எவனோ பக்கத்துல உக்காந்து அதே பேர்ல வச்சிருக்கான். அவன் கேக்குற நம்பரைக் குடுத்தா, குடுத்தவங்க கணக்கும் போயிடும். கேட்டா பாஸ்வேர்டைத் தூக்கிக் குடுத்துடுவியா?"

"நல்லாத்தான் கேட்டான்."

நல்லவேளையாகத் திருடன் இன்னும் பாஸ்வேர்டை மாற்றியிருக்கவில்லை. தங்கை மாற்றினாள், உள்ளே இருந்தவனை வெளியேற்றினாள், மின்னஞ்சலுக்கும் அதே பாஸ்வேர்டு என்று தெரிந்ததும் திட்டிக்கொண்டே அதையும் மாற்றினாள். பிறகு அக்கா தன் கையாலேயே அறிவிப்பு எழுதினாள்: 'நம்பர் கேட்டது எவனோ களவாணி. குடுத்தவ இருந்தா உடனே எனக்கு போன் பண்ணு. மத்தவங்க போய் வேலையைப் பாருங்க.'

'இது அக்காவேதான்' என்று கீழே பதில்கள் குவிந்தன. யாரும் நம்பரைக் கொடுத்திருக்கவில்லை.

ஆனால் பழைய மெசேஜ்களைப் புரட்டியபோது இன்னொன்று தெரிந்தது. எப்போது முடிவெட்ட வரலாம் என்று கேட்டவர்களையெல்லாம் சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தான் அந்தப் புண்ணியவான்.

"வரவேண்டாம்னு சொல்லிடவாக்கா?"

"எதுக்கு? வரட்டும்."

சனிக்கிழமை கடையில் கால் வைக்க இடமில்லை. அக்காவின் கணவர் வீட்டிலிருந்த நாற்காலிகளைத் தூக்கிவந்து வாசலில் போட்டார்.

"எனக்குத்தான் முதல் இடம்னு சொன்னான்" என்றாள் பூக்கடைக்காரி.

"எனக்கும் அப்படித்தான் சொன்னான்" என்றார் ஆசிரியை.

"அவனை எங்கயாவது பார்த்தா கடைக்குக் கூட்டிட்டு வாங்க, மொட்டையடிச்சு அனுப்புறேன்" என்றபடி கத்தரி அக்கா முதல் துண்டை உதறினாள். வாசல்வரை சிரிப்பு கேட்டது.