போட்டேன் என்று எழுதியிருக்கிறது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூனைக்கு ஊசி போட வேண்டிய நேரத்தில், பூனைக்கு ஊசி போடுவதைப் பற்றி எழுத உட்கார்ந்ததில் பிறந்தது.

இப்போது காலை ஒன்பதேகால். ஐந்தரையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசைமேல் நான்கு தொடக்கங்கள் கிடக்கின்றன. அவற்றில் மூன்றில் ஒரு வாக்கியம் பொது: ‘ஏழு மணிக்கு மேனேஜருக்கு ஊசி போட்டேன்.’ நல்ல வாக்கியம்தான். அது நடந்ததா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர் எங்கள் பூனை. வயது பதிமூன்று, சர்க்கரை நோய். காலை ஏழுக்கு இரண்டு யூனிட் இன்சுலின், மாலை ஏழுக்கு இரண்டு யூனிட். காலை என் பொறுப்பு, மாலை அக்காவின் பொறுப்பு. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். (மேனேஜரைக் கேட்டால் ஓர் அதிகாரியும் இரண்டு சிப்பந்திகளும் என்று சொல்லும்.)

2

தொடக்கங்களைக் காட்டிவிடுகிறேன். ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது?

முதலாவது: ‘இளவெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தபோது, முதுமை என்னும்...’ முதுமை என்னும் என்ன? இரண்டு டீ குடித்தும் வரவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: ‘காப்பகத்துக்கு நாங்கள் போனது ஒரு குட்டிப் பூனைக்காக.’ இது சத்தியமான உண்மை. குட்டிகள் கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்தன. கடைசிக் கூண்டில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பூனை, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

“அது வேண்டாங்க,” என்றார் காப்பகத்துப் பெண்மணி. “வயசாயிடுச்சு, சர்க்கரை வேற. தினம் ரெண்டு ஊசி. ரெண்டு குடும்பம் எடுத்துட்டுப் போச்சு, ரெண்டு பேருமே திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க.”

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா என்று நாள் முழுக்கப் பொறுமையாகக் கேட்கிறவள். பொறுமை அங்கேயே தீர்ந்துபோவதால் வேறெங்கும் கொண்டுபோவதில்லை.

“மூணாவது தடவை திரும்பி வராது. எங்க கையெழுத்து போடணும்?” என்றாள்.

“அக்கா, நாம குட்டிக்குத்தானே வந்தோம்?”

“உன்னை வளர்த்தாச்சு. இன்னொரு குட்டி எதுக்குடா?”

[இந்த இடத்தில் மேனேஜரின் கண்களைப் பற்றி ஆறு வரி இருந்தது. அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் அது அன்றைக்கு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்துவிட்டேன்.]

மூன்றாவது தொடக்கம் நேராக ஊசிக்கே போகிறது. பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்க வேண்டும், அடிவாரத்தில் செருக வேண்டும், அமுக்க வேண்டும். முதல் வாரம் ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. மருந்தெல்லாம் முடியில் நனைந்து போயிற்று. மேனேஜர் என்னைப் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

நான்காவதற்கு முடிவுகூடத் தயார். மேனேஜர் என் மடியில் கடைசி மூச்சை... வேண்டாம். நோயாளிக் கிழப் பூனையைக் கதைக்குள் விட்டால் கடைசிப் பத்தியில் அது சாக வேண்டும் என்று நாங்கள் எழுத்தாளர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எட்டு மணிக்கு அதை எழுதி, நானே கண்கலங்கி, எனக்கு நானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன். பூனை அப்போது என் காலடியில்தான் படுத்திருந்தது. வெட்கமாக இருக்கிறது.

3

கண்டுபிடிக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். தேடாமல் இருப்பேனா?

மருந்துக் குப்பி குளிர்சாதனப் பெட்டியில் சமர்த்தாக நிற்கிறது. இரண்டு யூனிட் குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. போட்டு முடித்த ஊசிகளைச் சேர்க்கும் பாட்டிலில் பத்துப் பதினைந்து கிடக்கின்றன, எது இன்றையது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கலாம் என்றால், அதற்கான சோதனைப் பட்டை நேற்றே தீர்ந்துவிட்டது.

சமையலறைக் கதவில் அக்கா ஒட்டிய அட்டவணை இருக்கிறது. ஊசி போட்டதும் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். இன்று காலைக் கட்டத்தில் டிக் இருக்கிறது.

(அவசரப்பட்டு மூச்சு விடாதீர்கள். நாளைக் காலைக் கட்டத்திலும் இருக்கிறது. திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் டிக் போட்டுவிடுவது என் பழக்கம். வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி.)

4

மேனேஜரைப் பார்க்கும் டாக்டரம்மாவை போனில் அழைத்தேன்.

“ஊசி போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல டாக்டர்.”

“எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

“எழுதியிருக்கேன். மூணு இடத்துல.”

“அப்புறம் என்ன?”

“கதையில எழுதியிருக்கேன், டாக்டர்.”

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.

“சந்தேகம்னா போடாதீங்க. ஒரு வேளை தவறினா சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ரெண்டு தடவை போயிட்டாதான் ஆபத்து. கிடுகிடுன்னு இறங்கிடும், தள்ளாடும், மயங்கிடும். சில சமயம் உயிரே போயிடும்.”

அப்பாடா. போட்டிருந்தால் நல்லது, போடாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கதையை இங்கேயே சுபமாக முடித்திருக்கலாம். ஆனால் டிக் விஷயம் உறுத்தியது. அக்காவிடம் சொல்லிவிடுவோம் என்று எனக்கு நல்ல புத்தி வந்தது.

5

அக்கா என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் உண்டு. கதையில் அவள் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். இந்த இடத்துக்குக்கூட ‘உன்னை நம்பினேனே!’ என்று ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன். கடையில் இருந்தவளை போனில் பிடித்தேன்.

“அக்கா, காலைல ஊசி...”

“அதான் நான் போட்டுட்டேனே.”

“நீயா?”

“நீ எழுதிட்டே இருந்தே, அதான் கிளம்பும்போது சாப்பாடு வெச்சு, ஊசியும் போட்டு, உங்கிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன். நீகூட ‘ம்’னியே.”

“அட்டவணையில குறிக்கலையே?”

“எங்க குறிக்கிறது? அங்கதான் ஏற்கெனவே டிக் இருந்துச்சே. திங்கக்கிழமையே நீ வாரம் பூராவும் போட்டு வெக்கிறது எனக்குத் தெரியாதா?” பிறகு குரல் மாறியது. “ஏன் கேக்குற? நீயும் போட்டியா?”

இத்தனை நேரம் உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஏங்கிய அதே வாக்கியம், இப்போது பொய்யாக இருக்க வேண்டும். மூன்று தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். ‘போட்டேன், போட்டேன், போட்டேன்’ என்று என் கையெழுத்து சத்தியம் செய்கிறது. பிடரித் தோலின் சூடு விரலில் இருக்கிறது. இன்றைய சூடா, நேற்றையதா, நானே கற்பித்துக்கொண்டதா?

“தெரியலக்கா.”

“சரி. பயப்படாத. டாக்டர்கிட்ட நான் பேசறேன், பத்து நிமிஷத்துல வண்டியோட வரேன், தூக்கிட்டுப் போயிடலாம். சாப்பாடு வை. தேனை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கோ, மயங்கினா ஈறுல தடவு. அதுகிட்டயே உட்காரு. எழுதாத.”

திட்டவில்லை. வசனத்தை அடித்துவிட்டேன்.

6

எழுதாதே என்றவளுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். தரையில் உட்கார்ந்து, தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு. மேனேஜர் பாதி சாப்பிட்டது. பிறகு கிண்ணத்தை விட்டு நகர்ந்து படுத்துக்கொண்டது. வயிறு நிறைந்ததாலா, உடம்பு தளர்ந்ததாலா? ஒரு நாளில் பதினாறு மணி நேரம் தூங்குகிற ஜீவனிடம் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இடது காது மட்டும் அசைந்தது. வழக்கமாகவும் அவ்வளவுதான் அசையும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பூனை மேல் எனக்கு இவ்வளவு பிரியம் என்று நான்கு தொடக்கங்களில் ஒன்றில்கூட நான் எழுதவில்லை.

முதல் வரியிலிருந்து என்னோடு இருப்பது நீங்கள்தான். ஆனால் நீங்களும் நான் எழுதியதைத்தான் படித்தீர்கள், ஏழு மணிக்கு என் கையைப் பார்க்கவில்லை. அதனால் முடிவை உங்களிடமே விடுகிறேன். பிழைக்கிற மாதிரி எழுதுங்கள். அழகாக வராவிட்டால் பரவாயில்லை, ஆறு வரி குறைந்தால் பரவாயில்லை, இலக்கியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வாசலில் அக்காவின் வண்டி. மேனேஜரைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். பேனாவை வைக்கிறேன்.