ஒரு முடிச்சைத் தாங்காத லேப்டாப்

விஜயதசமி அன்று காலை பத்தரை மணிக்கு, கோமதிநாயகம் அண்ணாச்சி என் கடை மேஜையில் இரண்டு லேப்டாப்புகளை அடுத்தடுத்து வைத்தார். ஒன்று புதுத் துண்டில் சுற்றி வந்தது. அவர் மகள் தேன்மொழி ஆறு மாதத்துக்கு முன்னால் ஒண்ணே முக்கால் லட்சம் கொடுத்து வாங்கியது. இன்னொன்று மஞ்சள் பையில் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. தேன்மொழி அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இதுக்கு ஒரு ஞாயம் சொல்லும்மா," என்றார் அண்ணாச்சி. "ஓசில வந்தது ஒம்பது வருசமா ஓடுது. லட்சத்தக் கொட்டி வாங்குனது ஆறு மாசத்துல கண்ணவிஞ்சு கெடக்கு."

ஊரில் பாதிக் கடைகள் அன்று பூட்டு. நான் திறந்திருந்தேன். எங்களுக்கு ஆயுத பூஜை கிடையாது; காலையில் பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு ஷட்டரைத் தூக்கினால் என் வேலை தொடங்கிவிடும். கடைப் பலகையில் 'எஸ்ரா சிஸ்டம்ஸ்' என்று எழுதியிருப்பதால் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "எஸ்ரா சார் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். எஸ்ரா சார் என் மகன், ரெண்டாம் கிளாஸ் படிக்கிறார், என்ன கோளாறு என்று என்னிடம் சொல்லலாம் என்பேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது. சென்னையில் ஆண்கள் நிறைந்த ஒரு பட்டறையில் மூன்று வருடம் நின்று கற்ற வேலை இது. சங்கரன்கோவிலில் போர்டைக் கழற்றி ஊதி மாட்டுகிறவர்கள் நாலு பேர் இருக்கலாம். போர்டில் எந்தப் பொடிப் பொருள் செத்தது என்று கண்டுபிடித்து மாற்றுகிற ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

புது லேப்டாப்பைத் திறந்தேன். திரையின் மேல்பகுதியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நாலா பக்கமும் விரிசல். நடுவில் மை கொட்டியதுபோல் கறுப்பு. ஆன் செய்தால் உள்ளே உயிர் இருந்தது, சத்தம் வந்தது. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

"கீழ போட்டியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. நேத்து மத்தியானம் வேலைய முடிச்சி மூடி வச்சேன். இன்னைக்குக் காலைல தொறந்தா இப்படி."

"எப்ப வேணும்?"

"நாலு மணிக்கு," என்றாள்.

தேன்மொழிக்கு பெங்களூர்க் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தபடியே செய்கிறாள். கட்டடங்களுக்குள் ஓடும் குழாய்களை வரைவது. ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். அதன் ஐந்து மாடிகளிலும் தண்ணீர்க் குழாய், காற்றுக் குழாய், ஆக்சிஜன் குழாய், எல்லாம் இவள் ஐந்து மாதம் உட்கார்ந்து வரைந்தது. இன்றைக்கு நாலு மணிக்கு அதை அந்த ஊர்க்காரர்களுக்கு அவளே விளக்கிப் பேச வேண்டும். முதல் தடவையாக அவள் பேர் போட்டு அழைப்பு வந்திருக்கிறது. காலையில் விஷயம் தெரிந்ததும் அவளுடைய சீனியர் செய்தி அனுப்பிவிட்டார்: கவலைப்படாதே, என்னிடம் இருக்கும் பழைய படத்தை வைத்து நானே பேசிக்கொள்கிறேன்.

"அவர் பேசிட்டார்னா அவர் வரைஞ்சதா ஆயிரும்க்கா. கடைசி ரெண்டு வாரம் செஞ்சதுதான் முக்கியம். அது இதுக்குள்ளதான் கெடக்கு. நெட்டு சரியில்லன்னு நான் ஏத்தாம விட்டுட்டேன்."

முன்பென்றால் இது எனக்கு ஒரு வேலையே இல்லை. கீழ்மூடியில் இரண்டு திருகாணி, ஹார்ட் டிஸ்க்கை உருவி, வேறு பெட்டியில் மாட்டிக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். இதில் எதையும் உருவ முடியாது. நினைவகம், சேமிப்பு எல்லாவற்றையும் போர்டோடு ஒட்டிச் செய்திருக்கிறான். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். திருகாணிக்குக்கூட ஐந்து இதழ். சாதாரண ஸ்குரூ டிரைவரால் தொட முடியாது. வாங்கினவனே திறந்து பார்க்கக்கூடாதென்றால் அப்புறம் எதற்கு வாங்கினவன் என்று பெயர்? விலை ஏற ஏற உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. ஆனாலும் வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். தேன்மொழியின் ஆஸ்பத்திரியை அத்தனை குழாயோடும் இது பம்பரமாகச் சுற்றிக் காட்டும். பழைய அரசாங்கப் பெட்டிக்கு அந்தப் படத்தைத் திறக்கவே திராணி கிடையாது. நல்ல மூளையைக் கொண்டுபோய் அப்பளத்துக்குள் வைத்திருக்கிறான் என்பதுதான் என் கோபம்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். பக்கவாட்டில் இருந்த இரண்டே துளைகளில் ஒன்றில் கன்வெர்ட்டரைச் செருகி, கடை மானிட்டரை இணைத்தேன். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. வெளித்திரையை இணைக்கலாமா என்று இது முதலில் அனுமதி கேட்கும். அந்தக் கேள்வியைத் தன் திரையில்தான் காட்டும். அந்தத் திரைதான் செத்துக் கிடக்கிறதே. மூன்று தடவை குருட்டாம்போக்கில் தட்டிப் பார்த்தேன். நடக்கவில்லை.

தேன்மொழி நேரம் கேட்டுப் பார்க்கிறேன் என்று போனோடு வெளியே போனாள். நான் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு விரிசல் தொடங்கிய புள்ளியைப் பார்த்தேன். கண்ணாடியில் அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் கறை. மூடினால் அதற்கு நேராக வரும் இடத்தில், கை வைக்கிற தகட்டிலும் அதே மஞ்சள்.

"அண்ணாச்சி, மஞ்சள் எப்படி இதுல வந்துது?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு நூல் வளையத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "நான் கெட்டுனது. காலைல தொறக்கதுக்காக இவ கழத்திட்டா. ரிப்பேர் ஆனதும் மறுபடி கெட்டணும்னு வச்சிருக்கேன்."

அவருக்கு எட்டு விசைத்தறி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலிலிருந்து ஏழு இழை எடுத்து முறுக்கி, மஞ்சளில் நனைத்து, ஒவ்வொரு தறிக்கும் காப்பு கட்டுவார். அவர் தகப்பனார் கைத்தறிக்குக் கட்டியது. இவர் விசைத்தறிக்குக் கட்டுகிறார். ஒன்பது வருடமாக மகளுடைய அரசாங்க லேப்டாப்புக்கும் கட்டி வருகிறார். மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். அடிப்பாகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நரைத்த மஞ்சள் நூல்கள். நேற்றுப் பூஜையில் புது லேப்டாப்பைத்தான் எட்டுத் தறிக்கும் முன்னால் மணையில் வைத்தாராம். மேல்மூடியில் கட்டினால் கீறல் விழும் என்று மகள் சொல்லியிருந்ததால், திறந்து, அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டி, முடிச்சை உள்பக்கம் விட்டு மூடியிருக்கிறார். சரியாக மூடவில்லை என்று லேசாக ஓர் அழுத்தும் அழுத்தியிருக்கிறார்.

முடிச்சைத் தடவிப் பார்த்தேன். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். அது மஞ்சளோடு காய்ந்து மிளகுபோல இறுகியிருந்தது. பழைய லேப்டாப்பை மூடிப் பார்த்தேன். அதற்குத் திரையைச் சுற்றி ரப்பர் குமிழ்கள் உண்டு. மூடினாலும் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கும். புதியதில் ஒரு காகிதம் வைக்க இடமில்லை.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மனுஷர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது எனக்கு வாய் வரவில்லை. கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் காரணம் தெரிந்த பழுதை மறைத்து நான் வேலை செய்தது கிடையாது.

"அண்ணாச்சி, கோவப்படாதிய. முடிச்சு இருந்த எடமும் விரிசல் தொடங்குன எடமும் ஒண்ணு."

அவர் நூலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "இந்த முடிச்சாம்மா?" என்றார். "ஒரு முடிச்சுக்கா?"

"இப்ப வாரதெல்லாம் அப்படித்தான் வருது. அந்தக் காலத்துல செஞ்சவன் மனுசன் கையில புழங்கும்னு நெனச்சு செஞ்சான். இவன் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சுப் பாக்கதுக்குச் செஞ்சிருக்கான்."

அவர் அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை. நாற்பது வருடமாகத் தறி ஓட்டுகிறவர். எந்த மிஷினும் தன் கையால் கெட்டது என்று ஒரு பேச்சு வந்ததில்லை. தேன்மொழி உள்ளே வந்தாள். நேரம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் உட்காரும் முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"ஏட்டி, கம்பெனிக்காரன் மேல தப்பில்ல. நான் கெட்டுன காப்புதான் ஒடைச்சிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"ஒங்கள யாரு கெட்டச் சொன்னா?" என்று கத்தினாள். கத்தல் எதிர்த்த கடைவரை கேட்டிருக்கும். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? அஞ்சு மாசம்ப்பா!"

அவர் தலையைக் குனியவில்லை. "எட்டுத் தறிக்குக் கெட்டுனேன். ஒன் தறிக்குக் கெட்டாம விடச் சொல்லுதியா?"

அவள் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "எக்கா, வேற வழியே இல்லையா?" என்றாள்.

இருந்தது. உள்ளே போய்த் திரைக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டால், தனக்குத் திரையே இல்லை என்று நினைத்து அது வெளித்திரையைத் தேடிக்கொள்ளும். ஆனால் திறந்தால் வாரண்டி போச்சு. அந்தக் கம்பியும் தலைமுடி கனம்; அறுந்தால் கதை முடிந்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"தொறங்க," என்றாள்.

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. ஐந்து இதழ்த் திருகாணிகள் பத்தையும் எடுத்து, எந்த இடத்துத் திருகாணி எது என்று காகிதத்தில் படம் போட்டு ஒட்டினேன். மூடியைக் கிடார் வாசிக்கிற பிளாஸ்டிக் துண்டால் நெம்பி எடுத்தேன். முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்தேன். திரைக் கம்பியின் மேல் அரிசி அளவு ஒரு கொக்கி. அதைத் தூக்க வேண்டும். இரண்டு தடவை சாமணம் வழுக்கியது. அண்ணாச்சி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"நான் வேணா எடுக்கட்டாம்மா? அறுந்த இழைய முடிஞ்சு பழகுன கை."

"இது எந் தறி, அண்ணாச்சி. அங்கன உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகத்தால் நெம்பினேன். கொக்கி எழுந்தது. கம்பி அலுங்காமல் வந்தது. பேட்டரியை மாட்டி, மூடாமலேயே பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் பழைய மானிட்டரில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்து நின்றது. நீலக் குழாயும் பச்சைக் குழாயும் மஞ்சள் குழாயுமாக ஐந்து மாடி. தேன்மொழி கடை மௌஸை நகர்த்தி அதைத் திருப்பினாள். அது சுழன்றது. எனக்குக் கண் கலங்கியது. சொன்னால் என்ன, கலங்கத்தான் செய்தது. படிப்புக்குச் செய்கிற செலவை வீண் என்று பேசுகிறவர்கள் எல்லாரையும் அந்த நிமிடம் என் கடைக்குள் கூட்டி வந்து நிறுத்தியிருப்பேன்.

வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. குடலைத் திறந்து போட்டதுபோல் மேஜையில் கிடந்தது. இங்கேயே பேசு என்றேன். மானிட்டர் மேல் ஒரு கேமராவை மாட்டினேன். பின்னால் தெரிந்த செத்த கீபோர்டுகளை என் துப்பட்டாவால் மூடினேன். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சத்தத்துக்குப் பயந்து ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கினேன். அண்ணாச்சி, தான் உள்ளே இருந்தால் பிள்ளைக்குப் பதற்றமாக இருக்கும் என்று வெளியே போனார். செருப்பு உள்ளேயே கிடந்தது.

மானிட்டரில் ஆறேழு முகங்கள் வந்தன. தேன்மொழி பேச ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாக்கியம் தடுமாறியது. மூன்றாவது மாடிக்கு வந்தபோது தடுமாற்றம் இல்லை. காற்றுக் குழாயை ஏன் இடம் மாற்றினேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மெயின் ரோட்டிலிருந்து பூஜை போட்ட வேன் ஒன்று வாழைக்கன்றும் ஸ்பீக்கருமாகத் தெருவுக்குள் திரும்புவது கேட்டது. பாட்டு கடைக் கண்ணாடியை அதிரவைத்தது. மானிட்டரில் ஒருவர் காதில் கை வைத்துக் காட்டினார். தேன்மொழியின் குரல் நின்றது. அவள் கண் என்னைத் தேடியது. நான் எழுந்து ஷட்டர் பக்கம் ஓடினேன்.

நான் போவதற்குள் பாட்டு பட்டென்று நின்றது. ஏதோ ஒரு ஓட்டுநர் சத்தம் போட்டான், அதுவும் அடங்கியது.

நரைத்த தலைக்காரர் ஒருவர் திரைக்கு நெருங்கி வந்து கேட்டார், இந்த மூன்றாவது மாடியை மாற்றி வரைந்தது யார் என்று. பெங்களூர்ச் சீனியர் தொண்டையைச் செருமினார்.

"ஐ ட்ரூ இட் சார்," என்றாள் தேன்மொழி. "ஆல் ஃபைவ் ஃப்ளோர்ஸ்."

நான் குனிந்து ஷட்டருக்கு அடியில் பார்த்தேன். வேனின் முன்சக்கரம் இரண்டும் அசையாமல் நின்றன. அவற்றுக்கு ஒரு முழம் முன்னால், தார் ரோட்டில், வெறுங்கால் இரண்டு அகட்டி ஊன்றியிருந்தன.