ஹில்டா குதித்த பாலம்

லானி தன் ஆட்ட விதிப்புத்தகங்களை எல்லாம் விற்றுவிட்டு, ஆளுக்கொரு டேப்லெட் வாங்கி மேசையில் வைத்தான். "இனிமே இங்க காகிதமே கிடையாது" என்று சட்டமும் போட்டான். ஞாயிறுதோறும் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடுவது அவன் வீட்டு அடித்தள அறையில்; ஆட்டக் கதையை நடத்துகிறவனும் அவன்தான். சரி, போகட்டும். ஆனால் என் விதிப்புத்தகம் நான் வாங்கியது. எங்கள் ஊர் ஓ கிளேரில் எவ்வளவு பனி கொட்டினாலும் ஞாயிறு மத்தியானம் அந்தத் தடிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவேன்.

"வாரம் முழுக்க ஸ்கூல் பஸ் ஓட்டுறது பத்தாதா வெர்னா? இங்கயும் மூட்டை தூக்கணுமா?" என்பான் டுவேன், பொரித்த பாலாடைக்கட்டியை மென்றுகொண்டே.

அந்த டுவேனுக்கே போன மாதம் அடி விழுந்தது. அவன் ஆடும் மந்திரவாதி நெருப்பு மந்திரத்தை நம்பிக் குகைக்குள் போனான். முந்தின நாள்தான் ஆட்டத்தை விற்கும் கம்பெனிக்காரர்கள் டேப்லெட்டில் இருந்த விதியை மாற்றியிருந்தார்கள். நெருப்பின் பலம் பாதியாகிவிட்டது. டுவேன் உம்மென்று உட்கார்ந்திருந்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"நாம வாங்கின புத்தகத்துக்குள்ள எவனோ பூந்து எழுதிட்டுப் போறான். நீங்க பாத்துட்டு இருக்கீங்க. நல்லதோ கெட்டதோ, என் ஆளுக்கு என் புத்தகம்தான்" என்றேன்.

லானி சிரித்தான். "வாய விட்டுட்ட. ஞாபகம் வெச்சுக்கோ."

என் ஆள் ஹில்டா, கோடரிக்காரி. ஒன்பது வருடமாக நான் ஆடும் பாத்திரம். விவாகரத்து நடந்த குளிர்காலத்தில், ஞாயிறுகளில் ஹில்டாவாக இருந்ததால்தான் திங்கட்கிழமைகளில் என்னால் பஸ்ஸை எடுக்க முடிந்தது.

இந்த ஞாயிறு, உடைந்த பாலத்தில் டுவேனின் மந்திரவாதி தொங்கினான். அவனைப் பிடிக்க ஹில்டா குதித்தாள். இருபது முகப் பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது.

விதி எல்லோருக்கும் மனப்பாடம். குதிக்கும்போது ஒன்று விழுந்தால் ஆள் சாவு.

லானி டேப்லெட்டைத் தடவினான். அவன் முகம் தெளிந்தது. "பொழச்ச போ. நேத்துதான் மாத்தியிருக்காங்க. இப்ப ஒண்ணு விழுந்தா வெறும் மயக்கம்தான்."

"என் புத்தகத்துல அப்படி இல்ல."

"அம்மா தாயே, ஒம்பது வருஷத்து ஆளு. நாங்க யாரும் கேலி பண்ண மாட்டோம்."

"நானே என்னைப் பண்ணிக்குவேன்."

டுவேன் தட்டைத் தள்ளி வைத்தான். "என்னைக் காப்பாத்தத்தான குதிச்ச? எனக்காக இந்த ஒரு தடவை டேப்லெட்ட எடுத்துக்கோ வெர்னா."

ஹில்டா எனக்கு வேண்டும். வேண்டாம் என்றால் பொய். ஆனால் முகம் தெரியாத ஒருவன் நேற்று மனம் மாறியதால் அவள் பிழைத்தால், நாளை அவன் மனம் மறுபடி மாறும். அந்தப் பிச்சை உயிர் என் ஹில்டாவுக்கு வேண்டாம்.

செத்த பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை ஆடியவரே கிழிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மற்றவர்களின் ஆட்களெல்லாம் டேப்லெட்டில் இருக்கிறார்கள், கிழிக்கத் தாள் இல்லை. என்னிடம் இருந்தது. காபிக் கறையோடு, அழித்து அழித்து மெலிந்த தாள். நாலாகக் கிழித்தேன்.

லானி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையை நீட்டினான். "புத்தகத்தைக் குடு. அவ எப்படிச் செத்தான்னு சரியாப் படிச்சுச் சொல்லணும்."

கொடுத்தேன். அழுதுகொண்டேதான் கொடுத்தேன்.

"கையத் துடைச்சுட்டுத் தொடு" என்றேன்.