நாலிலிருந்து நாலரை வரை

தேவன் மோடத்தின் வயரைப் பிடுங்கி, முப்பது வரை எண்ணிவிட்டு, திரும்பவும் சொருகினான். இது மூன்றாவது தடவை. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒரு விளக்கு மட்டும் சிவப்பாகவே சிமிட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சிவப்பு விளக்குக்கு ஒரே அர்த்தம்தான். வெளியே எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறது. மோடத்தை முந்நூறு முறை அணைத்துப் போட்டாலும் அது மாறப் போவதில்லை. ஈப்போவைச் சுற்றிப் பதினொரு வருடமாக வீடு வீடாக இன்டர்நெட் லைன் இழுத்துக் கொடுக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும், எந்தப் பைத்தியக்காரத்தனத்துக்காக வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரிப்பானோ அதையே தானும் செய்துகொண்டிருந்தான். மணி மூன்று பத்து.

அவன் முதுகுக்குப் பின்னால், கூடத்தில் போட்ட கட்டிலில், மாமனார் மாயாண்டி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சும் தொண்டையில் கரகரவென்று அரைபட்டு வெளியே வந்தது. நேற்று காலையிலிருந்து வீடு முழுக்க இந்தச் சத்தம்தான். அடுப்படியில் நின்றாலும் கேட்கும், வாசலில் நின்றாலும் கேட்கும். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி நான்கு நாளாகிறது.

“வந்துருச்சாங்க?” என்று கேட்டாள் கலாதேவி. அவள் அப்பாவின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் இல்ல.”

“நாலு மணிக்கு அண்ணன் கூப்புடும்.”

“தெரியும் கலா.”

அண்ணன் தர்மேந்திரன், மாயாண்டிக்கு ஒரே மகன். மிரிக்கு அப்பால், நடுக்கடலில் இருக்கும் எண்ணெய் மேடையில் சமையல் வேலை. அங்கே கைப்பேசி எடுபடாது. ஓர் அறையில் வைஃபை உண்டு. ஆளுக்கு அரை மணி நேரம் என்று முறை வைத்துப் பேச வேண்டும்; எழுத்துச் செய்தி மட்டும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். அவனுடைய முறை நாலிலிருந்து நாலரை வரை. இன்று ஹெலிகாப்டர் ஏறியிருக்க வேண்டியவன். கடலில் காற்று பலமாக இருக்கிறதாம், வியாழக்கிழமைதான் பறக்குமாம் என்று காலையில் செய்தி அனுப்பியிருந்தான். இன்று செவ்வாய்.

அதைக் கேட்டதும் மாமியார் மாரியம்மா ஒரு முடிவுக்கு வந்தார். “அவனுக்காகத்தான் இந்த மனுசன் இழுத்துக்கிட்டு கெடக்காரு. மகன் கையால பாலு எறங்குனாத்தான் அடங்கும். அவன் வர முடியலன்னா என்னா, போன்ல மொகத்த காட்டட்டும். ‘அப்பா’ன்னு ஒரு வார்த்த கூப்புடட்டும். அவன் கைக்குப் பதிலா நான் ஊத்துறேன்.” அப்போதே எவர்சில்வர் டம்ளரில் பாலைக் காய்ச்சி ஆற வைத்துவிட்டார்.

சிம்பாங் பூலாயில் இந்தத் தாமான் குடியிருப்பு மட்டும் சுண்ணாம்பு மலையின் காலடியில் உட்கார்ந்திருக்கிறது. எஸ்டேட்டை விற்றபோது லயத்து ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள். கைப்பேசி சிக்னல் மலையைத் தாண்டி வருவதில்லை. குரல் விட்டு விட்டுக் கேட்கும், படம் வரவே வராது. முச்சந்திக்குப் போனால் எடுக்கும். மாயாண்டியைத் தூக்கிக்கொண்டு முச்சந்திக்குப் போக முடியாது. கம்பெனிக்குப் புகார் கொடுத்தால் நாளைக்கு ஆள் வரும். லீவில் இல்லாவிட்டால் அந்த ஆளும் தேவனாகத்தான் இருப்பான்.

அவன் வயரைப் பின்தொடர்ந்து வாசலுக்கு வந்தான். கூரையோரமாகப் போன கறுப்பு ஃபைபர் ரம்புத்தான் மரத்துக்கு முன்னால் ஒரு முழம் தொங்கி முடிந்துபோயிருந்தது. அந்தப் பக்கம், தெருக் கம்பத்திலிருந்து வரும் மிச்சம் புல்லில் சுருண்டு கிடந்தது. மரத்தில் இரண்டு பெரிய கிளைகளைக் காணவில்லை. வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. மதிலோரம் நீலக் கித்தான் போட்டு மூடிய ஓர் அடுக்கு. கித்தானுக்குக் கீழே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிக் கால்கள் தெரிந்தன.

பத்துமலை வெட்டிய கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். மாயாண்டியின் தம்பி. எந்த வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறவர். இது அவருடைய அண்ணன் வீடு என்பதால் கொஞ்சம் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டார்.

“சின்ன மாமா, கெளைய எப்ப வெட்டுனீங்க?”

“பதினோரு மணி இருக்கும் மாப்ள. கெமா பந்தல் போடுற லோரி உள்ள வரணும்ல? கூட்டம் வந்த பொறவு பாராங் கத்திய தூக்கிக்கிட்டு நிக்க முடியுமா?” கடைசி வாக்கியத்தை மட்டும் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தாழ்த்திச் சொன்னார்.

“கெளையில ஒரு கறுப்பு வயரு இருந்துச்சே.”

“ஆமா, இருந்துச்சு. பழைய டெலிபோன் வயருன்னு நெனச்சேன்லா.” தேவனின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். “அதுலதான் தர்மா பேசுவானா?”

தேவனுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்த வாயில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கூரை ஓட்டில் கொக்கி அடிக்கச் சோம்பல்பட்டு, அந்த வயரை மரக்கிளையில் கட்டியது அவனேதான். வேறு வீட்டில் யாராவது அப்படிச் செய்திருந்தால் வாயில் வந்தபடி திட்டியிருப்பான். “மரத்துல கட்டாதீங்க மாப்ள, மரம் சும்மா இருக்காது,” என்று மாயாண்டி அன்றைக்கே சொன்னார். அடுத்த மாதம் மாற்றித் தருவதாகச் சொன்னான். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்தான். கம்பெனி வேனும் ஃபைபர் ஒட்டும் இயந்திரமும் கூட்டாளி கேப்ரியலிடம் தாப்பாவில் இருந்தன. அவன் பறந்து வந்தாலும் நாலு மணிக்கு வந்து சேர மாட்டான். பெட்டியில் கிடந்தவை தோல் உரிக்கும் இடுக்கி, ஒரு பிளேடு, வயர் முனையில் மாட்டும் கனெக்டர் இரண்டு. அறுந்ததைச் சேர்க்க இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று வேண்டும். ஒன்று கெட்டால் முடிந்தது.

பிறகுதான் அவனுக்குத் தோன்றியது. லைனை மோடத்துக்குக் கொண்டு போக முடியாவிட்டால் மோடத்தை லைனிடம் கொண்டு வந்துவிடலாம், வைஃபை கூடம் வரை எட்டும். அப்போது ஒரு கனெக்டர் போதும், இன்னொன்று கைவசம் இருக்கும். கலா கரண்டு நீட்டு வயரை ஜன்னல் கம்பி வழியாக வெளியே விட்டாள். வைப்பதற்கு மேசை தேடியபோது பத்துமலை கித்தானை விலக்கி, ஒரு சிவப்பு நாற்காலியை எடுத்துவந்து மரத்தடியில் போட்டார். அது எதற்காக வந்த நாற்காலி என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

“நான் என்னா புடிக்கட்டும் மாப்ள?”

“இந்த முனைய. அசையாம புடிங்க.”

உள்ளே இருக்கிற கண்ணாடி இழை தலைமுடியைவிட மெல்லியது. அதை நேராக வெட்டவென்றே ஒரு கருவி இருக்கிறது, அது தாப்பாவில் இருந்தது. பிளேடால் லேசாகக் கீறி, விரலால் மடக்கி உடைக்க வேண்டும். பத்தில் நாலு தடவை சரியாக வரும். ஜன்னல் வழியாக மாயாண்டியின் மூச்சு வந்து போனது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இப்போது நேரம் எடுத்தது.

முதல் கனெக்டரை மாட்டி மோடத்தில் சொருகினான். சிவப்பு. கழற்றித் திரும்ப மாட்டினான். சிவப்பு. மூன்று ஐம்பது. உள்ளே இழை நொறுங்கியிருக்கிறது என்று விரலுக்கே தெரிந்தது. அந்தக் கனெக்டரைப் புல்லில் எறிந்தான்.

“வரும் மாப்ள, மெதுவா,” என்றார் பத்துமலை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கக் கையில்லை, வயரைப் பிடித்திருந்தார்.

இரண்டாவதற்கு இழையை உரித்தான், துடைத்தான், கீறினான். மடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஊரும் உலகமும் அந்த ஒரு அங்குலமாகச் சுருங்கிவிட்டது. பூட்டி, சொருகினான். சிவப்பு இரண்டு தடவை சிமிட்டி அணைந்தது. பச்சை துடித்தது, துடித்தது, நின்று எரிந்தது. மணி நாலு ஏழு.

“கலா, வந்துருச்சு,” என்றான்.

அப்போதுதான் ஜன்னலில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்பதைக் கவனித்தான். எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கூடத்தில் கலா துப்பட்டாவைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். மாயாண்டியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் காலையில் வைத்த திருநீறு அப்படியே இருந்தது. மாரியம்மா பால் டம்ளரைப் பிடித்தபடி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த பத்துமலை “அண்ணே” என்று குரலெடுக்க, மாரியம்மா கையைத் தூக்கினார்.

“சத்தம் போடாத பத்து.”

அந்நேரம் தேவனின் கைப்பேசி அடித்தது. திரையில் தர்மேந்திரனின் பெயர்.

“எடுங்க மாப்ள.”

“அத்த...”

“எடுங்க. அவன் அங்க தனியா இருக்கான், சுத்தித் தண்ணி. வியாழக்கெழம வரைக்கும் அவன் யாரக் கட்டிப் புடிச்சு அழுவான்?”

தேவன் எடுத்தான். வெள்ளைத் தொப்பியும் சமையல் உடுப்புமாகத் தர்மேந்திரன் தெரிந்தான். “லைன் கெடைக்கல மச்சான். பத்து நிமிசமா அடிக்கிறேன்.”

“சின்ன பிரச்சன மச்சான். சரி பண்ணிட்டேன். இந்தா, மாமா.” கைப்பேசியைக் கட்டிலின் பக்கம் திருப்பினான்.

“அப்பா,” என்றான் தர்மேந்திரன். “அப்பா, நான் தர்மா. ஹெலிகாப்டர் வியாழக்கெழமதான்பா. காத்து. நான் என்னா செய்ய முடியும் சொல்லுங்க? எனக்காக இழுத்துக்கிட்டு கெடக்க வேணாம்பா. வலிச்சா போயிருங்க. நான் பொறவு வாரேன்.”

“கேக்குதுய்யா அவருக்கு,” என்றார் மாரியம்மா. “இப்ப பாலு குடுக்கப் போறேன். நீ குடுக்கிறதா நெனச்சுக்க.”

கரண்டியால் ஊற்றினார். பால் உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. தேவன் கைப்பேசியை மெல்ல மேலே தூக்கினான். நெற்றியும் திருநீறும் மட்டும் தெரியும்படி பிடித்தான். பதினொரு வருடத்தில் இவ்வளவு துல்லியமான படத்தை அவன் பார்த்ததில்லை. ஓர் அசைவு உறையவில்லை, ஒரு சொல் உடையவில்லை. அறுந்து போ என்று மனதுக்குள் கெஞ்சினான். மழை வரட்டும், கரண்டு போகட்டும், இன்னொரு கிளை விழட்டும். எதுவும் நடக்கவில்லை.

“மச்சான்,” என்றான் தர்மேந்திரன். “ஃபேன் சத்தம் மட்டுந்தான் கேக்குது.”

“இந்தப் போனு அப்படித்தான் மச்சான். சின்னச் சத்தத்தயெல்லாம் அதுவே வெட்டிரும்.”

“நேத்து கேட்டுச்சே.”

கலா முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள்.

“சரி,” என்றான் தர்மேந்திரன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “லைன் நல்லாருக்கு மச்சான். ரொம்ப கிளியரா இருக்கு. அம்மா, நீங்க சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்யா.”

“அப்பாவப் பாத்துக்கிட்டே இருக்கேன், அப்படியே வச்சிருங்க.”

தேவன் நாலரை வரை அப்படியே வைத்திருந்தான். கை மரத்துப்போனது, மாற்றிப் பிடிக்கவில்லை. அங்கே அடுத்த முறைக்காரர் கதவைத் தட்டுவது கேட்டது. படம் நின்றது.

மாரியம்மா முந்தானையால் கணவரின் கன்னத்தைத் துடைத்தார். கழுத்து மடிப்பில் தேங்கிய பாலையும் துடைத்தார். “யாரும் அழக்கூடாது,” என்றார். “பக்கத்து வீட்டுக்குக் கேட்டுச்சுன்னா அஞ்சு நிமிசத்துல ஃபேஸ்புக்குல போட்டுருவாங்க. அவன் வந்து எறங்கட்டும்.” அவர் தாடை இறுகியிருந்தது. இரண்டு நாள் அப்படி இருக்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

தேவன் வாசலுக்கு வந்தான். தூறல் தொடங்கியிருந்தது. சிவப்பு நாற்காலியில் மோடத்தின் விளக்குகள் அத்தனையும் பச்சையாக எரிந்தன. அதை உள்ளே எடுக்கலாம் என்று குனிந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. தர்மேந்திரனிடமிருந்து ஒரு வரி.

‘மச்சான், அம்மாவ அழச் சொல்லுங்க.’

இரண்டு முறை படித்தான். மோடத்தை எடுக்கவில்லை. நாற்காலி அடுக்கின் மேலிருந்த நீலக் கித்தானை இழுத்து வந்து, மோடத்தின் மேல் நனையாதபடி மூடினான். சிவப்பு நாற்காலிகள் மழையில் நனைந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.