மூன்றாவது கேஜ்

லேலண்ட் ஹார்யுவின் கண்களைப் பறித்தது அவன் கை அளந்து போட்ட வெடிமருந்துதான் என்று எங்கள் ஊர் முழுக்க நம்பியது. அவனும் அப்படித்தான் நம்பினான். நம்பாதவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்காதவனும் நான்தான்.

எங்கள் மேல் மிச்சிகனில் நவம்பர் பதினைந்து, மான் வேட்டை சீசன் திறக்கும் நாள், பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. போன வருஷம் அதற்கு இரண்டு நாள் முன்னால், அவன் வீட்டு கராஜில் நாங்கள் இருவரும் ஒரு ரைஃபிளுக்குப் புதுக் குழல் மாட்டினோம். குழலைத் திருகிவிட்டால் மட்டும் போதாது. தோட்டா உட்காரும் இடம் சரியான நீளம்தானா என்று பார்க்க, தோட்டா வடிவிலேயே எஃகு அளவுக்கட்டைகள், கேஜ்கள், உண்டு. 'கோ' கேஜைப் போட்டால் போல்ட், அதாவது தோட்டாவுக்குப் பின்னால் அடைக்கும் தாழ், மூட வேண்டும். அதைவிட மயிரிழை நீளமான 'நோ-கோ'வைப் போட்டால் மூடக் கூடாது. மூடினால் உள்ளே இடம் அதிகம் என்று அர்த்தம். திரும்பத் திரும்பச் சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு இழுபட்டு ஒருநாள் அறுந்துவிடும்.

என்னிடம் கோ மட்டும்தான் இருந்தது. நோ-கோ தபாலில் வரப் பத்து நாளாகும். எங்கள் பக்கத்துச் சிக்கனக்காரர்கள் செய்வதையே நானும் செய்தேன். கோ கேஜின் பின்பக்கம் செலோ டேப்பை ஒட்டி நீளத்தைக் கூட்டி, இதுதான் நோ-கோ என்று வைத்துக்கொண்டேன். போல்ட் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு மூடிக்கொண்டது.

"மூடுதேடா எம்மெட்," என்றான் லேலண்ட்.

"டேப் நசுங்கியிருக்கும். ஒண்ணும் ஆகாது, என்னை நம்பு."

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் நம்பினான். அந்த சீசனில் நல்ல கொம்பு மான் ஒன்றை அடித்தான். சுட்ட பித்தளைக் கூடுகளிலேயே மறுபடி மறுபடி மருந்து நிரப்பிச் சுட்டான். ஏப்ரலில் சரளைக் குழியில் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது, நான்காம் முறை நிரப்பிய தோட்டா பின்பக்கம் அறுந்து, நெருப்பும் பித்தளைத் தூளும் முகத்தில் அடித்தன. இடக்கண் போயிற்று. வலக்கண்ணுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே நான் முழு கேஜ் செட் வாங்கினேன். கோ, நோ-கோ, அதைவிடவும் நீளமான 'ஃபீல்ட்'. ஏழு மாதம் அவை என் காலுறை டிராயரில் கிடந்தன. போய்ச் சோதித்துப் பார்க்கத் துணிவில்லை. தூ, என்ன ஜென்மம் நான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவனே போன் செய்தான். "கேஜ் வாங்கி வச்சிருக்கியாமே, கடைக்காரன் சொன்னான். எடுத்துட்டு வா. ஒருதடவை பாத்துடுவோம்."

போனேன். அவன் மனைவி ஜோயன் சமையலறை மேஜையில் கிடந்த ரைஃபிளுக்குப் பக்கத்தில், இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டிகளை வைத்தாள். "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு. அதுல பாக்க என்ன இருக்கு? இந்த மனுஷன் ஒரு கரண்டிக்கு ரெண்டு கரண்டியா கொட்டியிருப்பார். கண்ணு இருக்கும்போதே கண்ணு தெரியாது."

லேலண்ட் சிரித்தான். ஏழு மாதமாக இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய சிரிப்பு. "போல்ட் ஸ்பிரிங் எல்லாம் தடவியே கழட்டிட்டேன்டா. நான்தான் மூடிப் பாப்பேன். இதுக்கு விரல் போதும். கை கழுவிட்டு வரேன்."

அவன் சுவரைத் தடவிக்கொண்டு போனதும் நான் நோ-கோவைப் போட்டேன். போல்ட் தன் கனத்திலேயே விழுந்து மூடியது. ஃபீல்டைப் போட்டேன். பாதியில் நின்றது.

லேலண்ட் வந்து உட்கார்ந்தான். முதலில் கோ, மூடியது. "இப்போ நோ-கோவைக் குடு," என்று உள்ளங்கையை நீட்டினான். நான் ஃபீல்டை வைத்தேன்.

இரண்டு விரலால் அழுத்தினான். இன்னொரு தடவை அழுத்தினான்.

"நிக்குது."

"ஆமா."

"அப்போ நீ மாட்டினது சரி. என் மருந்துதான்." முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. "ஒரு ஓரத்துல உன்னைச் சந்தேகப்பட்டேன்டா. மனசுல வச்சுக்காதே." பிறகு, மாடியில் இருந்த மகளைக் கூப்பிட்டான். "பிரிட்டா, துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. பதினஞ்சாம் தேதி நீ எடுத்துட்டுப் போ. நான் ரொப்பின பழைய தோட்டா வேண்டாம், புதுசு வாங்கிக்கோ. அப்புறம் சுட்டதும் அந்தப் பித்தளையைத் தூக்கிப் போடாதே, நீயே ரொப்பிக்கலாம், சொல்லித் தரேன்."

"சரிப்பா," என்றது அவள் குரல். அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது.

"லேலண்ட்," என்றேன். "அது நோ-கோ இல்ல."

"பின்னே?"

"மூணாவது. ஃபீல்ட். அதைவிட நீளம்."

ஜோயன் கையிலிருந்த கத்தி தட்டில் அப்படியே நின்றது. லேலண்ட் மறுபடி உள்ளங்கையை நீட்டினான். நான் சரியானதை வைத்தேன். போல்ட் மூடியது. திறந்தான், மூடினான். திறந்தான், மூடினான்.

"மூடுதேடான்னு சொன்னேன்," என்றான்.

"சொன்னே."

"கண்ணு போனதை விடு. அந்த அவசரம் எனக்கும்தான் இருந்துச்சு. ஆனா இன்னைக்கு, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சுதானே என் கையில இதை வச்சே?"

அவன் படிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"பிரிட்டா, எம்மெட் கிளம்பறான். வாசல் வரைக்கும் கொண்டு விட்டுட்டு வா."

ஏழு மாதம் அவனைத் திட்டிய ஜோயன் அவன் தோளில் கை வைத்து, "லேலண்ட்," என்று மட்டும் சொன்னாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. கேஜ்களைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிரிட்டா என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். டிரக்கில் ஏறும்போதும் உள்ளே போல்ட் சத்தம் கேட்டது. அவன் இன்னும் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.